கிணற்றுப் பேயின் கோரைப்பல்

"முடிஞ்சுதா?" என்று தலையணைக்குப் பின்னாலிருந்து கேட்டார் மெழுகுக்காரர்.

"இல்ல. இப்பதான் நாக்கைப் பிடிச்சு இழுக்குது," என்றாள் மனைவி, பீன்ஸ் நறுக்கியபடி.

"யாரோட நாக்கை?"

"போலீஸ்காரனோடது. கொஞ்சம் முன்னாடி ஒரு பொண்ணோட கட்டில்ல உருண்டுக்கிட்டு இருந்தானே, அவன்."

"இப்ப?"

"இப்ப நாக்கு தனியா இருக்கு. நீங்க அப்படியே இருங்க, நான் சொல்றேன்."

அவர் அப்படியே இருந்தார். தொடரின் பெயர் 'கறுப்புக் கிணறு'. பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று தொடக்கத்திலேயே எழுதிக் காட்டியிருந்தார்கள். மெழுகுக்காரருக்கு அது நிரம்பி ஒரு மாமாங்கத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் இன்னும் கொஞ்சம் நிரம்பியிருக்கலாம் என்று தோன்றியது. அந்தக் கட்டில் காட்சி வந்தபோது, சத்தத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று பதற்றத்தில் ரிமோட்டின் தப்பான பொத்தானை அழுத்தி, முனகலை வீடு முழுக்க நிரப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகல், ஜன்னல் வேறு திறந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் அதற்குப் பிறகு லிஃப்டில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரியாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

அவர் ஒன்றும் ஆசைப்பட்டு இந்தப் பாட்டைப் படவில்லை. எல்லாம் மதியச் சாப்பாட்டுக்காக.

மெழுகுக்காரர் பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்பினால், அந்த அளவுக்கு மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக அடுக்கி நிறுத்துவது அவர் வேலை. அந்த வாய்க்குச் சொந்தக்காரரைப் பார்த்தே இருக்கமாட்டார். ஆனாலும் அச்சைக் கையில் வாங்கியதும், இவர் ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர், இந்தம்மா தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர் என்று சொல்லிவிடுவார். வயசில் பாதியைத் தலைமை லேபில் கழித்தவர். அங்கே மதியம் ஆனால் மேஜையைச் சுற்றி எட்டுப் பேர், இவர் டப்பாவில் அவர் கை, அவர் டப்பாவில் இவர் கை, பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது.

ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "கிளையில மெழுகு வேலைக்கு ஆள் இல்ல. நீங்க போய்ப் பாத்துக்கோங்க. அப்படியே அங்க எல்லாம் எப்படிப் போகுதுன்னு ஒரு கண்ணு வெச்சுக்கோங்க."

மெழுகுக்காரர் தலையாட்டினார். அவருக்கு இருந்த இரண்டு கண்ணும் பல்லுக்கே சரியாக இருந்ததால், முதலாளி சொன்னதில் பின்பாதியைப் பேருந்து நிறுத்தத்திலேயே மறந்துவிட்டார்.

கிளை லேப் மூன்றாவது மாடியில். நாலே பேர். பிளாஸ்டர் ஊற்றி அச்செடுக்கும் அச்சுக்காரர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. செட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பாலிஷ்காரர், எல்லோருக்கும் மூத்தவர். பல்லுக்குப் பீங்கானில் உறைபோலக் கேப் செய்யும் பீங்கான்காரம்மா. செய்து முடித்ததை ஸ்கூட்டரில் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோகும் டெலிவரிக்காரம்மா, மனசில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவர். இது போக இரண்டு காலி நாற்காலிகள். இவருக்கு முன்னால் தலைமை லேபிலிருந்து ஒருவர் வந்திருந்தாராம், அவர் இருந்த காலத்தில் அந்த இரண்டு பேரும் வேலையை விட்டுப் போனார்களாம். ஏன் போனார்கள் என்று கேட்டபோது, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வேலை வந்துவிட்டது.

மரியாதைக்குக் குறையில்லை. அவர் உட்காரும் முன் நாற்காலியைத் துடைத்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டார்கள். சிக்கல் மதியத்தில்தான்.

கை கழுவிவிட்டு வரும்போது சாப்பாட்டு அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். அவர் கதவைத் திறந்ததும் அது நின்றுவிடும். பிறகு பாலிஷ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குவார்.

"நேத்து கறுப்புக் கிணறு பாத்தீங்களா?"

"பாக்காம? அந்த லாந்தர் வெச்சிருக்கற பொம்பளை இருக்காளே, யப்பா!"

"எனக்கு அந்தக் கறுப்பு நாய்தான்."

"நாய் சூப்பர். கிணத்துச் சுவர் இடிஞ்சு கிடக்குமே, அதுவும் சூப்பர்."

சாப்பிட்டு முடிகிறவரை இதே பேச்சுதான். தினமும் இதுதான். அந்தத் தொடர் அப்போது ஊரையே ஆட்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே, ஜன்னலை அடைத்துக்கொண்டு, சாலைக்கு அந்தப்பக்கம் அதன் போஸ்டர் நின்றது. லாந்தரோடு ஒரு பெண், கறுப்பு நாய், இடிந்த கிணறு, முகத்தை முடியால் மூடிக்கொண்ட பேய். இவ்வளவு பெரிய போஸ்டர் வைக்கிறார்கள் என்றால் சரக்கு இல்லாமல் இருக்காது என்று மெழுகுக்காரர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் பேச்சுக்குள் நுழைய வழி தெரியவில்லை. எந்த நாய், என்ன லாந்தர்? பாதி டப்பாவை மூடி வைத்துவிட்டு வராந்தா ஜன்னலோரம் போய் நிற்பார். மனைவிக்குப் போன் போடுவார். அக்கம்பக்கத்துக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார், வேலையிடம் இல்லையா.

"இன்னிக்கும் அதேதான்... பாலிஷ்காரர்தான் ஆரம்பிச்சாரு... பீங்கான்காரம்மாவும் சேந்துக்கிட்டாங்க... இல்ல, வேற எதுவும் பேசல... சரி, சாயங்காலம் விவரமாச் சொல்றேன்."

பேசிவிட்டுத் திரும்பினால், கொஞ்சம் திறந்திருந்த சாப்பாட்டு அறைக் கதவு மூடியிருக்கும். ஏசி வெளியே போய்விடும் என்று மூடுகிறார்கள் போலிருக்கிறது, நல்ல பழக்கம் என்று எண்ணிக்கொள்வார்.

சாயங்காலம் மனைவி டப்பாவைத் திறந்து பார்த்து உச்சுக் கொட்டுவாள். "மறுபடியும் பாதி. தனியாச் சாப்பிட்டா உங்களுக்குத் தொண்டையில இறங்காதே."

"பசி இல்லம்மா."

"பசி இல்லாம இல்ல, பேச்சுத்துணை இல்ல. எனக்குத் தெரியாதா? அந்தக் கருமத்தை நீங்களும்தான் பாத்துத் தொலைங்களேன். நாலு வார்த்தை பேசறதுக்காச்சு."

இப்படித்தான் தலையணைக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்.

நாக்கு போன சத்தம் அடங்கியதும் தலையணை ஓரமாக மெல்லப் பார்த்தார். பேய் முடியை விலக்கிவிட்டு, கேமராவுக்கு நேராக வாயைப் பிளந்தது. மெழுகுக்காரர் தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்து நின்றார்.

"அடப்பாவி!"

"இப்பதான் நாக்குக்கு வருத்தப்படறீங்களா?"

"நாக்கை விடு. கோரைப்பல்லைப் பாரு! இடது பல்லை வலது பக்கமும் வலது பல்லை இடது பக்கமும் மாட்டியிருக்கான். இதுக்கு வாயை மூடவே முடியாது. மூடினா தன் உதட்டைத் தானே கடிச்சுக்கும்."

"அதான் எந்நேரமும் வாயைப் பொளந்துக்கிட்டே இருக்கு போல."

அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாளைக்கு மேஜையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக இதைச் சொல்லிவிட வேண்டும்! அடுத்த நிமிஷமே சுருதி இறங்கிவிட்டது. அங்கே இருப்பவர்கள் யார்? பல்லிலேயே ஊறியவர்கள். இதை முதல் நாளே கண்டுபிடித்து, பேசி, சிரித்து, சலித்தும் போயிருப்பார்கள். இப்போது போய்ச் சொன்னால், ஆசாமி முதல் இருபது நிமிஷம்தான் பார்த்திருக்கிறான் என்று குட்டு வெளிப்பட்டுவிடும். வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அந்த இருபது நிமிஷத்துக்கு மேல் அவரால் முடியவும் இல்லை. டிவியை அணைத்தார்.

"பயமா இருக்கா?" என்றாள் மனைவி.

"பயம்கூடப் பரவாயில்ல. ஒருத்தனுக்கு நாக்கே போயிடுச்சு. அடுத்த சீன்ல அவன் கூட்டாளி உக்காந்து டீ குடிக்கறான். ஒரு ஆளு அழலியே."

"அழுதுக்கிட்டு இருந்தா கதை எப்ப நகரும்?"

அவர் எறிந்த தலையணையை எடுத்து வைத்தார். பல் போன ஒரு மனுஷர் மறுபடி ஒரு வாய் கடித்துச் சாப்பிட, பேரப்பிள்ளையின் பெயரைக் காற்றுப் போகாமல் கூப்பிட, தான் மெழுகோடு எத்தனை நாள் மாரடிக்க வேண்டியிருக்கிறது என்று யோசித்தார். இங்கே ஒரு நொடியில் வாயைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதைப் பார்க்கச் சந்தாவும் கேட்கிறார்கள். மனசு ஒப்பவில்லை. இதையெல்லாம் ரசித்துப் பார்க்கிறவர்களோடு தனக்கு எப்படிப் பேச்சு ஓடப்போகிறது என்றும் கவலையாக இருந்தது. ஆனால் வேறு துணை அந்த மாடியில் இல்லை.

மறுநாள் மேஜையில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, தைரியத்தையும் திறந்தார்.

"நானும் பாக்க ஆரம்பிச்சுட்டேன்."

"எதை சார்?" என்றார் பாலிஷ்காரர்.

"கறுப்புக் கிணறு."

பாலிஷ்காரரின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. டெலிவரிக்காரம்மாவுக்குப் புரை ஏறியது. அச்சுக்காரர் அவர் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டே, இறங்கிப்போன குரலில் கேட்டார். "எது வரைக்கும் சார்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். நாலு பேரும் தன்னையே உற்றுப் பார்த்ததில் நாக்கு புரண்டுவிட்டது. "முதல் பாகம் முழுக்க."

கொஞ்ச நேரம் ஒருவரும் மெல்லக்கூட இல்லை. மரியாதை கூடிவிட்டது என்று மெழுகுக்காரர் எடுத்துக்கொண்டார்.

"அப்ப நீங்கதான் சார் சொல்லணும்," என்று பீங்கான்காரம்மா சுதாரித்துக்கொண்டார். "உங்களுக்குப் பிடிச்ச இடம் எது?"

"அந்த... நாக்கு."

"நாக்கு!" என்றார்கள் நாலு பேரும்.

"நாக்கு பிரமாதம்," என்றார் பாலிஷ்காரர். "மேல சொல்லுங்க சார். உங்க வாயால கேக்கணும்."

மேலே சொல்ல அவரிடம் ஏது சரக்கு? நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவினார். வீட்டுக்கு வந்து மனைவியின் காலில் விழாத குறை.

"நீதான் அசராமப் பாக்கறியே. மதியத்துல பாத்துட்டு எனக்குக் கதையை மட்டும் சொல்லிடேன்."

மனைவி ஒத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் கதை வந்தது. அவள் சொன்ன விதத்தில் பேய்மேல் அவருக்கு இரக்கமே வந்துவிட்டது. "பாவங்க அவ. வந்த வீட்டுல மாமியார் சரியில்ல. நகையைப் பிடுங்கி வெச்சுக்கிட்டா, புருஷனுக்கு வாயே கிடையாது, தாங்க முடியாமத்தான் கிணத்துல விழுந்து பேயாயிட்டா."

மெழுகுக்காரர் அதை மதியத்தில் உருக்கமாக எடுத்துவிட்டார்.

"மாமியாரா?" என்றார் டெலிவரிக்காரம்மா. பீங்கான்காரம்மாவின் முழங்கை அவர் விலாவில் இடித்தது. "ஆமாமா, மாமியார்!" என்று திருத்திக்கொண்டார்.

"அந்த மாமியாரோட பார்வை ஒண்ணு போதும் சார், பேயே தேவலாம்னு ஆயிடும்," என்றார் பாலிஷ்காரர்.

"நகைப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெப்பாங்களே," என்றார் அச்சுக்காரர்.

"அட, அதை எனக்கு..." என் மனைவி சொல்லவே இல்லையே என்று வந்த வார்த்தையை மெழுகுக்காரர் விழுங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் இப்படி ஓடியது. அவர் பேசினார், அவர்கள் தலையாட்டினார்கள். சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டார்கள். ஆனாலும் கதவுக்கு வெளியே கேட்கிற அந்தச் சிரிப்பு உள்ளே வரவே இல்லை. டப்பா இப்போதும் பாதியாகத்தான் திரும்பியது. முன்பு பேச்சில்லாமல் மிஞ்சியது, இப்போது பேசிப் பேசி மிஞ்சியது. வேண்டியது கிடைத்த பிறகும் ஏன் மனசு நிறையவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை.

ஒருநாள் தலைவலி என்று மதியமே வீட்டுக்கு வந்தார். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பட்டுப்புடவையில் ஒரு மாமியார் நகைப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மருமகள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிணறும் இல்லை, நாயும் இல்லை.

"இது என்ன?"

மனைவி ரிமோட்டைத் தேடினாள். அது அவள் கையிலேயே இருந்தது. "இதுதாங்க... தினமும் உங்களுக்குச் சொல்ற கதை."

"கறுப்புக் கிணறு?"

"அதை நான் மறுநாளே விட்டுட்டேன். நாக்கைப் பிச்சுப் போடறதைப் பாத்துட்டு எப்படிங்க அடுப்படிக்குப் போறது? நீங்க ஆசையாக் கேக்கறீங்களேன்னு, இந்தக் கதையில பேயை மட்டும் நானாச் சேத்துக்கிட்டேன்."

"அப்ப அதுல மாமியாரே இல்லியா?"

"நான் பாத்தவரைக்கும் இல்ல."

மெழுகுக்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இல்லாத மாமியாரை ஒரு வாரம் உருகி உருகிச் சொல்லியிருக்கிறார். மாதக்கணக்காகப் பார்க்கிறவர்களுக்கு, இவர் உளறுகிறார் என்று முதல் வாக்கியத்திலேயே தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பார்வை என்றார்கள், கட்டிலுக்கு அடியில் பெட்டி என்றார்கள்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு, ஆமாம் ஆமாம்னு சொல்லியிருக்காங்கம்மா," என்றார். கண் கலங்கிவிட்டது. "எப்படிப்பட்ட மனுஷங்க! அவங்களைப் போய் நான் ஏமாத்திட்டேனே."

பரிகாரம் தேடியே ஆகவேண்டும். மறுநாள் மேஜையில் அறிவித்தார். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க. கறுப்புக் கிணறு கடைசிப் பகுதியைச் சேந்து உக்காந்து பாப்போம்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "வரலேன்னா தப்பா எடுத்துப்பீங்களா சார்?" என்றார் பாலிஷ்காரர்.

"நிச்சயமா!" என்று வாஞ்சையோடு சொன்னார் மெழுகுக்காரர்.

ஞாயிறு மதியம் சொன்ன நேரத்துக்கு நாலு பேரும் வாசலில் நின்றார்கள். படிய வாரிய தலையும் சலவைத் துணியுமாக, வேலைக்கான நேர்காணலுக்கு வந்தவர்கள் மாதிரி. வந்ததுமே உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதற்குள், பாலிஷ்காரர் வணக்கம் சொன்ன குரலைக் கேட்டு மனைவி முந்திக்கொண்டாள்.

"வாங்க வாங்க. நீங்கதானே பாலிஷ்காரர்? குரலை வெச்சே சொல்லிடுவேன். தினம் மதியம் இவர் எனக்குப் போன் பண்ணும்போது பின்னாடி கேக்கும். நீங்க என்ன பேசினீங்க, அவங்க என்ன பேசினாங்கன்னு இவருக்கு எங்கிட்ட ஒப்பிக்காம ஆகாது."

பாலிஷ்காரர் செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவே இல்லை. "அந்தப் போன்... உங்களுக்கா பண்ணுவாரு?"

"வேற யாருக்குப் பண்ணுவாரு? என்னை விட்டா அவருக்குப் பேச ஆள் ஏது?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பீங்கான்காரம்மா ஏனோ சுவரைப் பிடித்துக்கொண்டார். வெயிலில் வந்த அசதி என்று மெழுகுக்காரர் மின்விசிறியைக் கூட்டினார்.

தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தொடர் ஆரம்பித்தது. ஆளுக்கொரு தலையணை என்று கேட்டதில் மூன்றுதான் தேறின. பீங்கான்காரம்மா கைப்பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பாலிஷ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கி, துடைத்துக்கொண்டே இருந்தார். அச்சுக்காரர் தண்ணீர் குடிக்கிறேன் என்று எழுந்து போனவர் சமையலறையிலேயே தங்கிவிட, மனைவி திருப்பி அனுப்பினாள். எத்தனையோ பகுதி பார்த்தவர்களே கடைசிப் பகுதிக்கு இப்படி நடுங்குகிறார்களே என்று மெழுகுக்காரர் தன் தலையணையை இன்னும் மேலே தூக்கிக்கொண்டார்.

அப்போது பேய் கிணற்றிலிருந்து எழுந்தது. முடியை விலக்கியது. திரை முழுக்க வாயைப் பிளந்தது.

"கோரைப்பல் மாறியிருக்கு!"

நாலு குரல் ஒரே சமயத்தில் வந்தது. தலையணையும் கைப்பையும் தரையில் கிடந்தன. அச்சுக்காரர் டிவிக்குப் பக்கத்தில் போய்த் திரையில் விரலை வைத்தார்.

"நிறுத்துங்க சார், நிறுத்துங்க! இடது பல்லு வலதுல இருக்கு!"

"ஈறைப் பாருங்க, சாயம் போன துணியாட்டம் இருக்கு. எவன்டா பாலிஷ் போட்டது?"

"மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் சம்பந்தமே இல்ல. இந்தப் பேய் ஒரு சோத்துப் பருக்கை மெல்ல முடியுமா?"

"இதை நான் கிளினிக்குல குடுத்திருந்தா டாக்டர் என் மூஞ்சியில வீசியிருப்பாரு," என்றார் டெலிவரிக்காரம்மா.

வாயைப் பிளந்தபடி பேய் உறைந்து நின்றது. அதன் முன்னால் அவர்கள் ஒரு மணி நேரத்துக்குமேல் பேசினார்கள். பாலிஷ்காரர் தான் கற்றுக்கொண்ட புதிதில் ஒரு நீதிபதிக்குப் பல்லை மாற்றி வைத்த கதையைச் சொன்னார். அவர் தீர்ப்பு வாசிக்கும்போது விசில் வந்ததாம். மெழுகுக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கதவுக்கு வெளியே மட்டும் கேட்டுவந்த அந்தச் சிரிப்பு இப்போது அவரைச் சுற்றிக் கேட்டது. தட்டைப் பார்த்தார், வழித்துச் சாப்பிட்டிருந்தார். மனைவி இரண்டாம் முறை பரிமாறினாள்.

சிரித்த வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நான் முதல் இருபது நிமிஷத்துக்கு மேல பாக்கவே இல்ல. மாமியார் வேற சீரியல். உங்களோட பேச வேற வழி தெரியல, மன்னிச்சுக்குங்க."

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. பீங்கான்காரம்மா மூக்கை உறிஞ்சினார். பாலிஷ்காரர் அவர் தோளில் கை வைத்தார்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல," என்றார் மெழுகுக்காரர். "இந்தப் பல்லு முதல் பகுதியிலயே வருது. நீங்க எல்லாரும் மாசக்கணக்காப் பாக்கறீங்க. ஒருத்தர்கூட இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே, ஏன்?"

பாலிஷ்காரர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அச்சுக்காரர் சமையலறைப் பக்கம் பார்த்தார். டெலிவரிக்காரம்மாதான் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"பாத்திருந்தாத்தானே சார் சொல்ல? நீங்க முதலாளிக்குப் போன் பண்ணிப் போட்டுக்குடுக்கறீங்கன்னு பயந்து, நீங்க உள்ள வந்தா மட்டும் பேசறதுக்குன்னே எதிர் போஸ்டரைப் பாத்து நாங்க இட்டுக்கட்டின பேச்சு சார் அது!"